வலது பக்கத்துப் பொரிச்சல்

போர்கோ வெக்கியோ,
பலேர்மோ.
யூலை 20

திரு. அகஸ்ரின் அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். நலமில்லாத ஆளுக்கு இப்படி ஒரு வேலை செய்ய மனம் வந்திருக்காது.

ஒரே வாங்கில் இருந்து படித்த காலம் தொட்டு "டேய்" என்று கூப்பிட்ட ஆளை நீங்கள் என்று எழுதுகிறேன். வாசித்து முடிக்கும்போது ஏன் என்று விளங்கும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்றும் யோசிப்பீர்கள். போன் எடுத்தால் நீங்கள் தூக்குவதில்லை. வட்ஸ்அப்பில் நான் கதைத்து அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வருகிறது. வைகாசியில் என் மாமி, ஞானத்தின் தாய், மோசம்போன செய்தியைச் சொல்லி அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. ஞானம் அதைப் பார்த்துவிட்டு, "நோர்வேக்காரர் இப்ப பெரிய ஆள், எங்களோடை கதைக்க நேரமில்லைப் போல" என்றாள். அன்றைக்கும் உங்களுக்காக நான்தான் பரிந்து பேசினேன்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். நோர்வேயிலிருந்து ஜசிந்தன் குடும்பத்தோடு விடுமுறைக்குக் காரில் வந்தபோது, நீங்கள் கொடுத்துவிட்ட டென்மார்க் அம்ப்ளிஃபையரை மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து தந்தான். தேக்கு மரப்பெட்டி, முன்பக்கம் வெள்ளி நிறத் தகடு, ஒரு கீறல் இல்லை. ஐம்பது வருசத்துக்கு முந்திய சாமான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உள்ளதைச் சொல்வதென்றால், கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தேன். மேலே உங்கள் கையால் எழுதி ஒட்டியிருந்தீர்கள்: "ஹெட்போன் போட்டு இரண்டு பக்கமும் கேட்டேன். தண்ணீர் மாதிரிச் சுத்தம்."

கீழே மீன்காரன் காலையிலிருந்து பாட்டை அலறவிட்டுக்கொண்டிருந்தபடியால் ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். வெக்கையில் ஞானம் விசிறியோடு குசினிக்குள் போய்விட்டாள். நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டு ஊசியை வைத்தேன். வலது பக்கத்திலிருந்து, கொதித்த எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரு பொரிச்சல்! அடுப்பில் எதையோ விட்டுவிட்டோம் என்று நினைத்து ஞானமே ஒருக்கால் திரும்பிப் பார்த்தாளாம்.

வழியில் குலுங்கியிருக்கும் என்று சொல்லாதேயுங்கள். திறந்து பார்த்தேன். வலது பக்கத்து ட்ரான்சிஸ்டர்கள் வயசுபோய்ச் செத்துக்கொண்டிருக்கின்றன. அது ஒரு நாளில் வருகிற வருத்தமில்லை. பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டியைப் போட்டுக் காட்டியவுடன், "இதிலை எங்கையோ இரையுது, விடு" என்று சொல்லிவிட்டு நடக்கிற ஆள் நீங்கள். உங்களுக்கு இது கேட்கவில்லை என்று எந்த மடையனும் நம்பமாட்டான். கேட்டிருக்கிறது. ராசன்தானே, அவனுக்கு இது காணும் என்று கட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

சும்மா தந்ததுதானே என்று சொல்லவும் வேண்டாம். லிபெர்த்தா வீதியில் முதலாளியம்மா சிஞ்ஞோரா வீட்டில் இத்தனை வருசமாக வேலை செய்கிறேன். கொலர் தேய்ந்த ஷேர்ட், ஒரு பக்கம் மட்டும் சூடாகிற இஸ்திரிப்பெட்டி, காது உடைந்த கோப்பை, எது தந்தாலும் நன்றி, கிராட்சியே என்று சொல்லி வாங்கியிருக்கிறேன். அது என் பிழைப்பு. உங்களிடமும் கழிவு வாங்க வேண்டிய தலைவிதி எனக்கில்லை.

இப்போதுதான் எல்லாம் விளங்குகிறது. போன மாரியில் றெக்கோட் பிளேயர் வந்தது. பிறகு ரேப் டெக், பிறகு ஸ்பீக்கர் சோடி. இப்போது இது. யார் இந்தப் பக்கம் வந்தாலும் அவர்கள் தலையில் ஒன்றைக் கட்டிவிடுகிறீர்கள். பாசத்தில் தருகிறீர்கள் என்று நினைத்தேன். வீட்டை ஒதுக்கியிருக்கிறீர்கள். குப்பை போட உங்களுக்குப் பலேர்மோவில் ஒரு தொட்டி இருந்திருக்கிறது.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டபின் இரண்டு வீட்டிலும் ஒரே தட்டைப் போட்டு, போனை மேசையில் வைத்துவிட்டுக் கேட்போமே, தட்டு முடிந்ததும் உன்னுடைய பெட்டி திறமா என்னுடையது திறமா என்று சண்டை பிடிப்போமே. நத்தாரோடு அதையும் நிற்பாட்டினீர்கள். கேட்டால் வேலை. ஓய்வு எடுத்த ஆளுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜசிந்தன் திரும்பும்போது பெட்டியை அவனிடம் கொடுத்துவிடுகிறேன். இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம். றஜிதாவுக்கும் மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் எங்கள் அன்பு. உங்களுக்கு இல்லை.

இங்ஙனம்,
க. இராசரத்தினம்


பலேர்மோ,
ஓகஸ்ட் 24

டேய் அகஸ்ரின்,

முந்தநாள் உன் மனுசி றஜிதா போன் எடுத்தாள். என் கடிதத்தை வாசித்துவிட்டு ஷேர்ட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாயாம், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையாம். "அண்ணை, அவருக்குக் காது கேக்கிறேல்லை. உங்களுக்கு மட்டும் சொல்லக்கூடாதெண்டு என்ரை தலையிலை கை வைச்சுச் சத்தியம் வாங்கினவர்" என்று சொல்லி அழுதாள். எனக்கு மட்டும் சொல்லக்கூடாதாம்! ஊரில் எல்லாருக்கும் சொல்லலாம், எனக்கு மட்டும் கூடாது.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினையாதே. போன கடிதத்தில் இருந்தது சின்னக் கோபம். இப்போது வந்திருக்கிறதுதான் உண்மையான கோபம்.

வலது காது முழுதாகப் போய் இரண்டு வருசமாம், அதில் நரம்பே வேலை செய்யவில்லையாம். நத்தாரோடு இடதும் இறங்கிவிட்டதாம். ஹெட்போனின் வலது பக்கத்தில் வெடி வைத்தாலும் உனக்குத் தெரிந்திராது. அப்படியிருக்க எந்தத் துணிவில் தண்ணீர் மாதிரிச் சுத்தம் என்று எழுதி ஒட்டினாய்? "எனக்குக் கேட்கவில்லை, நீ போட்டுப் பார்" என்று எழுதினால் உன் மானம் கப்பலேறிவிடுமா? ஞானத்தின் தாயின் சாவுக்குக் கட்டைவிரல் காட்டினாயே, நான் என்ன சொன்னேன் என்று மகளிடம் ஒருக்கால் கேட்க உனக்கு வெட்கமா? ஞானத்துக்கு விசயத்தைச் சொன்னேன். குசினிக்குள் போய் அழுதாள். பிறகு வெளியே வந்து, எனக்குத் தெரியாத சொல்லெல்லாம் போட்டு உன்னை ஏசினாள்.

காது போனது உன் குற்றமில்லை. அதற்குப் பிறகு நீ செய்கிறதுதான் குற்றம். ஒப்பரேசன் செய்து இடது காதுக்குள் கருவி வைக்கலாம், வைத்தால் ஆட்கள் கதைப்பது விளங்கும் என்று டாக்குத்தர்மார் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு மட்டும் பாட்டாக இராது, தகரத்தில் தட்டின மாதிரி இருக்கும், இப்போது மிஞ்சியிருக்கிற அடித்தொனியும் போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக மாசியில் தந்த திகதியை நீ விட்டுவிட்டாய். செப்ரெம்பர் பதினாறு மறுபடி தந்திருக்கிறார்கள். அதற்கும் போகமாட்டேன் என்கிறாயாம். இழுக்க இழுக்கக் கருவி வைத்தும் பலன் குறையும் என்று அவர்கள் படித்துப் படித்துச் சொல்லியும் உனக்கு ஏறவில்லை.

மிச்சம் வைத்திருக்கிற அந்தப் பெரிய ஸ்பீக்கரில் இடது கன்னத்தை ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க இருக்கிறாயாம். அதுவா உன் சங்கீதம்? அடித்தொனி பெட்டியைக் குலுக்குகிறது, உன் எலும்பு அதிருகிறது, அவ்வளவுதான். அந்த அதிர்ச்சி எங்கள் தெருவால் லொறி போனாலும் வரும்.

நீ அப்படி இருந்த நேரத்தில்தான் பேரப்பிள்ளை செற்றிக் கதிரையிலிருந்து விழுந்தது. இதையும் நீ எனக்குச் சொல்லவில்லை. மகள் கிருசாந்தினி வேலைக்குப் போய்விட்டாள், றஜிதா கடைக்குப் போய்விட்டாள், பிள்ளைக்கு நீ காவல். பிள்ளை கத்தின கத்தில் கீழ்வீட்டு நோர்வேக்காரி ஓடிவந்து கதவை இடித்திருக்கிறாள். றஜிதா வந்து திறந்து பார்த்தால், பிள்ளை நிலத்தில் கிடந்து மூச்சுவிடாமல் அழுகிறது, நீ முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாய். நெற்றியில் ஒரு வீக்கத்தோடு போயிற்று. வேறு விதமாகவும் போயிருக்கும். இப்போது கிருசாந்தினி பிள்ளையை உங்கள் வீட்டில் விடுவதில்லை. பிள்ளைக்குத் தடிமன், பிள்ளைக்கு நித்திரை என்று உனக்கு எழுதிக் காட்டுகிறார்களாம். நீயும் அதை நம்புகிறாயாம். நம்பவில்லை, எனக்குத் தெரியும்.

றஜிதா சொன்னதில் ஒன்றுதான் என்னை உள்ளே போட்டுக் குத்துகிறது. அவள் ஆஸ்பத்திரிக் கதை எடுக்கிற நேரமெல்லாம் நீ, "உனக்கு விளங்காது, ராசனுக்குத்தான் விளங்கும்" என்கிறாயாம்.

ஓமடா, எனக்கு விளங்கும். அதுதான் எனக்குக் கோபம். உன் இடத்தில் நான் இருந்தாலும் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திருப்பேன். மனுசர் கதைக்கிறதை எழுதிக் காட்டலாம், நாதஸ்வரத்தை எவன் எழுதிக் காட்டுவான் என்று நானும் கேட்டிருப்பேன். இந்த ஊரில் என்னோடு பழகுகிற ஆட்களுக்கு இந்தப் பெட்டிகள் பழைய தளபாடம். சிஞ்ஞோராவுக்கு, செத்த புருசன் விட்டுப்போன பெட்டியும் தூசிதான். இது என்னவென்று தெரிந்தவன் எனக்கு நீ ஒருத்தன்தான். நீ போய் அந்தக் கருவியை வைத்தால் எனக்கும் ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போகிறது. யாரோடு சண்டை பிடிப்பேன்? அதெல்லாம் தெரிந்துகொண்டுதான் போ என்கிறேன். ஆகவே உனக்காக என் பெயரை இனி அவளிடம் சொல்லாதே. நான் உன் பக்கம் இல்லை. நான் அந்தப் பிள்ளையின் பக்கம்.

இன்னொன்று. உயிரோடு இருக்கிறவன் சொத்துப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு சாமானாக எனக்கு அனுப்பினாயே, அதை நான் ஏற்கவில்லை. ஜசிந்தன் போய்விட்டான், பெட்டியைக் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. வலது பக்கத்தைத் திறந்து புதிதாகப் போட்டுத் திருத்திவிட்டேன். இப்போது உண்மையிலேயே சுத்தம். ஆனால் அது உன்னுடையது. எல்லாம் உன்னுடையது. வருத்தம் மாறினதும் வந்து எடுத்துக்கொண்டு போ. தகரமாய்க் கேட்டால் தகரம் என்று என் வீட்டில் இருந்து சொல்லு.

சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டேன். செப்ரெம்பரிலா என்று முகத்தைச் சுழித்தாள். நீங்கள் தராவிட்டாலும் போவேன் என்றேன். முப்பது வருசத்தில் அவளிடம் நான் அப்படிக் கதைத்ததில்லை. ஓம் என்றாள். பதினாலாம் திகதி வருகிறேன். எயர்போர்ட்டுக்கு நீ வரவேண்டாம், உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கிழிய எனக்கு ஏலாது. றஜிதாவை வரச்சொல்லு. பதினாறு காலை உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது உள்ளே விட்டுவிட்டுத்தான் நான் ஒரு தேத்தண்ணி குடிப்பேன்.

செப்ரெம்பர் நாலாம் திகதி இந்த ஊரைக் காக்கிற புனித ரொசாலியா அம்மாவின் மலைக்கு நானும் ஞானமும் வெறுங்காலோடு ஏறுகிறோம். நீ மாதாவைக் கும்பிடுகிறவன், நான் முருகனைக் கும்பிடுகிறவன், இந்த ஊரில் அதையெல்லாம் ஒருவரும் பார்ப்பதில்லை. பாட்டைத் திருப்பித் தா என்று அவவிடம் கேட்கமாட்டேன். காயம் ஆறி, அந்தக் கருவியை முதன்முதல் போட்டுவிடுகிற நேரம் றஜிதா உன் முன்னால் இருக்க வேண்டும். நத்தாரிலிருந்து அவள் உன்னை ஏசின ஏச்செல்லாம் சுவருக்குத்தான் போயிருக்கிறது. அன்றைக்கு அவள் முதலிலிருந்து தொடங்கட்டும். ஒரு சொல் தவறாமல் உன் காதில் விழவேண்டும் என்று கும்பிடுகிறேன்.

உன்,
ராசன்