மேனேஜருக்கு மூட்டுவலி

என் அன்புக் கணவருக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூவரில் ஒருவருக்குக் கால் சரியில்லை என்பதால் பேனா அங்கேயே நின்றுவிட்டது. பதறாதீர்கள், மாமாவுக்கு இல்லை. உங்கள் அப்பாவின் முழங்கால் எப்போதும்போல முனகிக்கொண்டுதான் இருக்கிறது. நான் சொல்வது மேனேஜரை.

நீங்கள் கப்பலேறிய கையோடு மழை பிடித்துக்கொண்டது. அதிலிருந்தே காலையில் எழுந்திருக்க அவன் படாதபாடு படுகிறான். முன்னங்கால்களை ஊன்றி, பின்பாதியை யாருடையதோ போல இழுத்துக்கொண்டு எழுகிறான். கொஞ்ச தூரம் விறைப்பாக நடந்த பிறகுதான் உடம்பு இளகுகிறது. வயசாகிவிட்டது, சோம்பல் என்று நானும் விட்டுவிட்டேன். போன வாரம் வாசற்படியில் நின்று படியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ஏதோ அவசர வேலை இருப்பதுபோல பூந்தொட்டியை மோந்துகொண்டு திரும்பிவிட்டான். கேட்டருகே உட்கார்ந்து தெருவையே குரைத்து அதட்டி மேய்த்தவன், மூன்று படிக்குப் பயப்படுகிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மாமாவும் வந்தார். டாக்டரம்மா இடுப்பைப் பிடித்து மெதுவாக மடக்கியதும் மேனேஜர் வீலென்று கத்தினான். “எனக்கு இந்த மருந்து வாடை ஒத்துக்காது” என்று மாமா வெளியே போய்விட்டார். நாற்பது வருஷம் டீசல் வாடையில் பஸ் ஓட்டிய மனுஷன்!

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, “எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை தேஞ்சுபோச்சும்மா. இது பழையபடி ஆகாது. ஆனா வலி தெரியாம வச்சுக்கலாம்” என்றார். அவன் எடை குறைய வேண்டுமாம். ஒரேயடியாக நீண்ட நடை கூடாது, சும்மா படுத்தும் கிடக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை நடக்க வேண்டுமாம். வழுக்கும் தரைதான் முதல் எதிரி என்றார். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார், இடுப்புக்கு வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரையை மட்டும் மறந்தும் கொடுத்துவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். அவர் எழுதிக் கொடுத்த மருந்து பிடிக்கச் சில வாரம் ஆகுமாம்.

வீட்டுக்கு வந்து, அவன் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் மாமாவுக்குக் கோபம். “ரிட்டயர் ஆற வயசுல அவனைப் பட்டினி போடுறீங்களா?” என்றார். ஆனால் மறுநாள் நான் கடை வேலை முடிந்து திரும்பியபோது வாசற்படிமேல் ஒரு சாய்வுப் பலகை கிடந்தது. அதன்மேல் பழைய டயரைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஆணி அடித்திருந்தார். வழுக்காதாம். கூடம் முழுக்கக் கோணிப்பை விரித்திருந்தார். வீடா, மூட்டை இறக்கும் கிடங்கா என்று கேட்டேன். “எனக்கும்தான் வழுக்குது” என்றார்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு லென்சைச் சாய்த்து மாட்டிவிட்டேன். அவர் திரும்பி வந்து, “உலகமே ஒரு பக்கமா சரியுதும்மா” என்றார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது.

ஒரு நல்ல செய்தியோடு முடிக்கிறேன். இரண்டு நாளாக மேனேஜர் சுறுசுறுப்பாக நடக்கிறான். இன்று பால்காரரைக் குரைத்தே விரட்டினான். மருந்து இத்தனை சீக்கிரம் கேட்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நீங்கள் கடல்காற்றில் தலையைக் காட்டாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


என் அன்புக் கணவருக்கு,

இதை மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்காருவதால் எழுத்து கோணலாக இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேனேஜர் உயிரோடு இருக்கிறான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நேற்று மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அவன் கேட்டருகே இல்லை. குளியலறை மூலையில் முதுகை வளைத்து நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் வாந்தி, அதில் ரத்தம். கூப்பிட்டால் வால்கூட ஆடவில்லை. மாமா கையில் ஈரத்துணியோடு சுவரைப் பிடித்தபடி நின்றார். என்ன ஆச்சு என்று கேட்டேன், அவர் சுவரைப் பிடித்தபடியே குனிந்து தரையைத் துடைக்கப் போனார். எதிர்வீட்டுத் தச்சரின் வண்டியில் அவனைப் போர்வையோடு தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தோம்.

டாக்டரம்மா ஈறைத் திறந்து பார்த்தார். வெளுத்திருந்தது. “வீட்ல யாராச்சும் வேற மருந்து குடுத்தீங்களா?” என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அப்போது கதவோரம் நின்றிருந்த மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய முழங்கால் மாத்திரை.

“தினம் பாதிதாம்மா குடுத்தேன், ரொட்டிக்குள்ள வச்சு. எனக்குக் கேக்குதே, அவனுக்கும் கேக்கும்னு நெனச்சேன். காலையில எந்திரிக்க அவன் படுற பாட்டைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல” என்றார்.

அவன் சுறுசுறுப்பாக நடந்ததற்குக் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மனிதர்களுக்குத் தாங்கும் அந்த மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கிவிடுமாம், சிறுநீரகத்தையும் கெடுக்குமாம். டாக்டரம்மா எச்சரித்தபோது மாமா வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகாவது நான் சொல்லியிருக்க வேண்டும். நடக்க அழைத்துப்போவதோடு சரி, நாயிடம் முகம்கொடுத்துப் பேசாத மனுஷன் அதற்கு மருந்து ஊட்டுவார் என்று நான் கனவிலாவது நினைத்தேனா?

டாக்டரம்மா திட்டவில்லை. “நல்லா இருக்கணும்னுதானே குடுத்தீங்க, இனிமே என்கிட்ட கேட்டுட்டுக் குடுங்க” என்றார். அவர் திட்டியிருந்தால் மாமாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ. நேற்றிலிருந்து அவர் உட்காரவில்லை. அந்த முழங்காலோடு வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார். வீட்டுக்குப் போங்கள் என்றால் காது கேட்காதவர்போல நடக்கிறார்.

மேனேஜருக்கு டிரிப்ஸ் ஏறுகிறது. சிறுநீரகம் தப்பிவிட்டதா என்பது நாளை ரத்தப் பரிசோதனையில் தெரியும். கதவு திறக்கிறது. எழுந்து பார்க்கிறேன்.

இல்லை, வேறொருவருடைய பூனை.

உங்களுக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். குட்டியாக இருந்தபோது சட்டைக்குள் வைத்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் நீங்கள். ஆனால் கோபத்தை முதலில் என்மேல் காட்டுங்கள். கடலில் இருந்துகொண்டு அதைச் செய்வது சுலபமில்லை என்றாலும்.

உங்கள்
வீட்டுக்காரி


என் அன்புக் கணவருக்கு,

மேனேஜர் தப்பிவிட்டான். சிறுநீரகத்துக்கு ஒன்றும் இல்லை. வயிறு ஆறிக்கொண்டிருக்கிறது, கஞ்சி மாதிரி குழைத்ததைத்தான் சாப்பிடுகிறான். வலிக்கு வேறு வகை மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எடை இறங்கியிருக்கிறது. இந்த வழியில் இறங்க வேண்டாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என் கடிதம் கிடைத்து நீங்கள் துறைமுகத்திலிருந்து பேசிய அன்று நான் கடையில் இருந்தேன். போனை எடுத்தது மாமா. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவர் என்னிடம் சொல்லவே இல்லை. எதிர்வீட்டுத் தச்சர்தான் சொன்னார், உங்கள் குரல் தெருவரைக்கும் கேட்டதாம். “உங்களை நம்பித்தானே விட்டுட்டு வந்தேன்” என்றீர்களாம். நீங்கள் வைத்த பிறகும் மாமா காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றாராம்.

மறுநாள் காலையில் பையோடு நின்றார். “மக வீட்டுக்குப் போயி ரொம்ப நாளாச்சு” என்றார். கொஞ்ச நாள் அங்கே இருந்து மனம் ஆறட்டும் என்று நானும் தடுக்கவில்லை.

அவர் போனதும் மேனேஜருக்கு நிலைகொள்ளவில்லை. அவருடைய கட்டிலருகே போவான், மோந்து பார்ப்பான், கேட்டுக்கு வருவான், மறுபடி கட்டிலுக்குப் போவான். படுக்க மாட்டேன் என்றான். நான் வாரைப் பிடித்து நடக்கக் கூப்பிட்டால் தெருமுனை வரை வந்து, அங்கேயே நான்கு காலையும் ஊன்றிக்கொள்வான். காலையில் நடக்க அழைத்துப்போனது எப்போதும் மாமாதான், உங்களுக்குத் தெரியுமே. இரண்டு பேரும் ஒரே மாதிரி நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இப்படி நாள் முழுக்க நின்றால் மூட்டு இன்னும் இறுகிவிடும் என்றார் டாக்டரம்மா.

நேற்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு, தச்சரின் வண்டியில் மெத்தை போட்டு அவனை ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா வாசலில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் வண்டியிலிருந்தே குரல் கொடுத்தான். நான் இறக்குவதற்குள் தானே குதிக்கப் பார்த்தான்.

“ஏய், குதிக்காதே!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார் உங்கள் அப்பா. ஆமாம், ஓடித்தான் வந்தார். அவனை இரண்டு கையாலும் தாங்கி இறக்கிவிட்டு என்மேல் பாய்ந்தார். “அறிவிருக்காம்மா உனக்கு? இவ்வளவு தூரம் குலுக்கிக் கூட்டிட்டு வந்தா இவன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?” அக்கா சிரித்துவிட்டாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. திரும்பும்போது முன்சீட்டு காலியாக இருந்தும், அவர் பின்னால் மெத்தையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் தச்சருக்குப் பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாவம் தச்சர்.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல கடிதமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்க அழைத்துப்போகிறார். ஆனால் அவனுக்குத் தின்ன எதையும் தருவதில்லை. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து வைக்கச் சொன்னால் எனக்காகக் காத்திருக்கிறார். நான் கடைக்குப் போகும் அவசரத்தில், மாத்திரையை நீங்கள் கொடுத்துவிடுங்கள் மாமா என்று சொன்னேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். “என் கையால ஒண்ணும் வேணாம்மா” என்றார். அதைவிட, தன் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. கேட்டால், பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்கிறார். காலையில் கட்டிலில் ஒருவர், கோணிப்பையில் ஒருவர், இரண்டு பேரும் எழ முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். யாரை முதலில் தூக்கிவிடுவது என்று நான் நடுவில் நிற்கிறேன்.

அவரை நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அது என்னால் முடியும். மற்றது என்னால் முடியாது.

நீங்கள் கோபித்தது தப்பென்று நான் சொல்லவில்லை. மன்னிப்பதாக அவருக்கு எழுத வேண்டாம். அதை வேறு அவர் சுமக்க வேண்டுமா? வருத்தமும் தெரிவிக்க வேண்டாம், உங்களுக்கு அது வராது. “அப்பா, இனிமேல் மேனேஜருக்கு மருந்தை நீங்களே கொடுங்கள்” என்று ஒரே ஒரு வரி, உங்கள் கையெழுத்தில், அவர் பெயருக்குத் தனியாக எழுதிப் போடுங்கள். அடுத்த துறைமுகம் வரை வைத்திருக்காதீர்கள்.

உங்கள் வழியையே பார்த்திருக்கும்
வீட்டுக்காரி