ஊருக்குக் கொடுத்த கையெழுத்து

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். கவரைப் பிரித்து இந்த எழுத்தைப் பார்த்த பிறகு அதை நீ நம்பமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் நலம்தான், முதலில் அதை மனதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து படி. கவர்மேல் முகவரியை வேண்டுமென்றேதான் அப்பாவை எழுதச் சொன்னேன், வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு நீ பதறிவிடக் கூடாதே என்று. ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினதுபோல இருக்கிறதே என்று நினைப்பாய். இல்லை, நம் சாப்பாட்டு மேஜையில் அசையாத நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அசைவது என் கைதான். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் அவரையும் கூப்பிட்டு வைத்துக்கொள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், பாதியில் போனைக் கையில் எடுக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது என்னை ஒரு வார்த்தை பேசவிட்டாயா? மாடிப்படி நோட்டீஸ் விஷயத்தை அப்பா உளறிவிட்டார், அவ்வளவுதான், உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "கண்டவங்க கண்டதை எழுதுறதுக்கா உன் எழுத்தைக் கொடுத்தேன், இந்த மாசம் முடியறதுக்குள்ள இணையதளத்துல இருந்து எடுத்துடுறேம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். எடுக்காதே. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் உன் வாய் எட்டாது. தினமும் மத்தியானம் கை கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன், அதனால் ஒரு பத்தி நேராகவும் அடுத்தது மழையில் நனைந்த கோழிபோலவும் இருக்கும், பொறுத்துக்கொள். அவசரப்பட்டு ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால் இதைப் படித்ததும் திரும்பப் போட்டுவிடு.

நீ அதைச் செய்தபோது எனக்கு முக்கால்வாசி புரியவில்லை. விடுமுறைக்கு வந்தவள் ஊர் சுற்றாமல், நான் உனக்கு ஹாஸ்டலுக்கு எழுதின பழைய கடிதங்களை எல்லாம் தரையில் பரப்பிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கினாய். கடிதங்களில் கிடைக்காத எழுத்துகளை உட்காரவைத்து எழுதவும் வைத்தாய். 'ஞௌ' என்று நான் ஜென்மத்தில் யாருக்கு எழுதியிருக்கிறேன், அதையும் எழுதினேன். கடைசியில் அதைக் கம்ப்யூட்டரில் அடிக்கிற எழுத்தாக்கி, 'அம்மா கை' என்று பெயர் வைத்து, எல்லாருக்கும் கொடுத்துவிடலாமா என்று கேட்டாய். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், மாற்றினால் அவர்களும் அதேபோல எல்லாருக்கும் கொடுக்கவேண்டும், முதலில் யார் கை என்று மட்டும் சொன்னால் போதும் என்றாய். என் எழுத்து என்ன பீரோவில் பூட்டிவைத்த நகையா, கொடுத்துவிட்டுப் போ என்றேன். மருத்துவமனை மருந்துப் பிரிவில் இருந்த காலமெல்லாம் மாத்திரைக் கவர்களில் காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதித் தந்த கைதானே. டாக்டர் எழுதுவது அவருக்கும் எனக்கும் புரிந்தால் போதும், நான் எழுதுவது கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவருக்கும் புரியவேண்டும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி, காற்றோட்டம் விட்டு எழுதிப் பழகிவிட்டது.

அதற்கப்புறம் நடந்த கூத்து உனக்குத் தெரியும். பேக்கரிப் பலகையில் என் கை, பஞ்சர் கடையில் என் கை, நாய்க்குட்டியைக் காணவில்லை என்று கம்பத்தில் ஒட்டியிருந்ததிலும் என் கை. அப்பாவுக்கு நடைப்பயிற்சியே இதற்காகத்தான் என்று ஆகிவிட்டது. போகிற இடமெல்லாம் படம் பிடித்துக்கொண்டுவந்து, உன் கை இன்றைக்கு டயர் விற்கிறது, உன் கை இன்றைக்கு மாவு அரைக்கிறது என்று காட்டுவார். ஒருத்தர் என் 'ழ'வின் கீழ்ச்சுழியை வெட்டி, எல்லா எழுத்தையும் கொஞ்சம் அகலமாக்கி வேறொன்றாகப் போட்டிருக்கிறார் என்று நீ சொன்னபோது மட்டும் எனக்குச் சுருக்கென்றது. யாரைக் கேட்டு வெட்டினார் என்று கேட்டேன். நீதானே கொடுத்துவிட்டுப் போ என்றாய் என்று சிரித்தாய். அந்தச் சுழி எனக்குப் பிடித்த சுழி, அதைச் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. முதலில் டம்ளரில், அப்புறம் ஊசியில் நூல் கோக்கும்போது. உனக்குச் சொல்லாததற்குக் காரணம் கேட்காதே, நீ ஜலதோஷம் என்றாலே டிக்கெட் விலை பார்க்கிறவள். அப்பாவிடமும் கொஞ்ச நாள் மறைத்தேன். காய்கறிச் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு வாயால் சொல்லி அனுப்பினேன், அவர் பாதியை மறந்துவிட்டு வந்தார், அப்படித்தான் பிடிபட்டேன்.

நோட்டீஸ் விஷயம் இதுதான். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு நாள் காலையில் ஒரு தாள். நேரங்கெட்ட நேரத்தில் தையல் மிஷின் ஓட்டுகிற வீட்டாருக்கு, இது குடியிருப்பா இல்லை தொழிற்சாலையா, மற்றவர்களும் மனிதர்கள்தான் என்று எழுதியிருந்தது. கீழே பெயர் இல்லை. ஆனால் எழுத்து என் எழுத்து. நம் கட்டடத்தில் தையல் மிஷின் இருப்பது கீழ்வீட்டுத் தையல்காரம்மா வீட்டில் மட்டும்தான். அவளுடைய அம்மா படுக்கையில் இருந்தபோது மாதாமாதம் நான் எழுதித் தந்த மருந்துக் கவர்களைப் பார்த்துப் பார்த்தே மருந்து கொடுத்தவள், என் கையை அவளுக்குத் தெரியாதா? அன்றைக்கு நான் படியிறங்கும்போது சிரித்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் அப்போதுதான் தாளைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது, எப்போது எழுதினேன் என்று.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. நடுவில் ஒரு தடவை, "நேர்ல வந்து சொல்லியிருக்கலாமே அக்கா" என்று மட்டும் சொன்னாள். அந்த அக்கா என்ற வார்த்தைதான் என்னைக் குத்தியது. கம்ப்யூட்டரில் அடித்தது, யாரும் அடிக்கலாம், என் மகள் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறாள் என்று அப்பா விளக்கிப் பார்த்தார். அவளுக்கு அது சாக்குபோலத்தான் கேட்டது. பிறகு நானே போனேன். அவள் துணி வெட்டுகிற பெரிய மேஜையில் ஒரு துண்டுத் துணி கிடந்தது, அவள் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து அதில் அவள் அம்மாவுக்கு எழுதின மாதிரியே காலை ஒன்று என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் கட்டி ஒரு தடவை உடைந்தது. வந்தது எழுத்து இல்லை, எறும்பு மையில் விழுந்து நடந்ததுபோல ஒரு கோடு. இந்தக் கையால் அந்த நோட்டீஸை எழுத முடியுமா, நீயே சொல் என்றேன். அவள் துணியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என் கையை அவளுடைய இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நடுக்கம் நின்றுபோயிருந்தது, நிஜமாகத்தான் சொல்கிறேன். அப்புறம் திட்ட ஆரம்பித்தாள் பார், டாக்டரிடம் போனாயா, இல்லையா, உன் மகளிடம் சொன்னாயா, இல்லையா என்று, நீ தோற்றாய்.

ஒட்டினது யார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர்தான். அவர் மறைக்கக்கூட இல்லை. அச்சு எழுத்தில் போட்டால் போலீஸ் நோட்டீஸ்போல இருக்கும், இது வீட்டு மனுஷி எழுதினதுபோல இதமாக இருந்ததால் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்றார். இதமாக! என் எழுத்து என்று அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்ததும் பாவம் முகம் செத்துவிட்டது. நானும் விடவில்லை, இனிமேல் மனுஷரிடம் சொல்லவேண்டியதைத் தாளிடம் சொல்லாதீர்கள் என்றேன். மறுநாள் அவரே மிஷின் காலுக்கு அடியில் போட ஒரு தடித்த ரப்பர் விரிப்பு வாங்கிக்கொண்டு வந்தார், சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது. தையல்காரம்மா அவருக்குப் பேன்ட் கால் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். இந்தப் பாதியை அப்பா உன்னிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லவிடவில்லை.

மருத்துவமனைக்கு அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள், நான் வேலைபார்த்த அதே இடம். டாக்டர் நடக்கச் சொன்னார், விரலை மூக்கில் வைக்கச் சொன்னார், சுழி வரையச் சொன்னார். இது உயிருக்கு ஒன்றும் செய்யாத நடுக்கம்தான், மாத்திரையில் குறையும், முழுக்கப் போகும் என்று சொல்லமுடியாது என்றார். இதில் ஒன்றையும் நான் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை, சந்தேகமானால் தையல்காரம்மாவைக் கேள், அவள் எனக்காகப் பொய் சொல்லமாட்டாள். அப்புறம் மருந்து வாங்கும் ஜன்னலில் போய் நின்றோம். உள்ளே புதுப் பெண், என்னைத் தெரியாது. இப்போதெல்லாம் கையால் எழுதுவதில்லை, கவர்மேல் அச்சடித்து வருகிறது. அவள் நீட்டிய கவரை வாங்கினேன். மேல் வரியில் காலை ஒன்று விழுங்கவும், கீழ் வரியில் சாப்பாட்டுக்குப் பிறகு. வாலு, அது என் கை. அகலமாக்கி, அந்தச் சுழியை வெட்டி வைத்திருக்கிறார்களே, அதுதான். கண்ணாடியை நான் எடுத்துவரவில்லை, ஆனாலும் படித்தேன். மேல் வரியில் இருக்கிற 'ழ'வின் சுழி கீழ் வரிமேல் இடித்துக் குழப்பும் என்பதற்காகத்தான் வெட்டியிருக்கிறார் அந்த மனுஷர், படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணைக் கேட்டேன். கண் பார்வை குறைந்தவர்களுக்காக யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள், சும்மாவே கிடைத்தது, இதைப் போட்டதிலிருந்து மருந்தை மாற்றிச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றாள். நான் சும்மா இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். தையல்காரம்மாவுக்கு வாய் நிற்குமா, "இதை எழுதினதே இவங்கதான்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கவர் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள், கவரில் இருந்த எழுத்தைப் பார்த்தாள், பெரியவர்கள் விளையாடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே அடுத்தவரைக் கூப்பிட்டாள். நிரூபிக்க என்னால் முடியாதே. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், துக்கத்தில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா கவரைப் படித்துவிட்டு, உன் பேச்சை நீயே கேட்கிற காலம் வந்துவிட்டது பார் என்றார்.

அதனால்தான் சொல்கிறேன், எடுக்காதே. மாப்பிள்ளை ஒரு தடவை சொன்னார், ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது என்று. அப்படியென்றால் நீ எடுத்துவிட்டாலும் செயலாளரிடம் அது இருக்கும், நோட்டீஸ் ஒட்டிக்கொண்டே இருப்பார். இனிமேல் தேடி வருகிறவர்களுக்குத்தான் இருக்காது, இன்னொரு ஊரில் இன்னொரு மருந்து ஜன்னலில் நிற்கிறவருக்குத்தான் இருக்காது. இது என்ன நியாயம்? எனக்காகக் கோபப்படுகிறாய், அது தெரிகிறது, அந்தக் கோபம் எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் என் கை என் தோளில் இருந்து நழுவிக்கொண்டிருக்கிற நேரத்தில், அது முகம் தெரியாதவர்களிடம் நேராக நின்று வேலைபார்க்கிறது. என்னிடம் மட்டும் இருந்திருந்தால் இன்றைக்கு எங்கேயும் இருந்திருக்காது.

டிக்கெட் போடாதே. விடுமுறை வரும்போது வந்தால் போதும், வந்து இந்தத் தடவை கடிதம் பொறுக்காமல் என்னோடு ஊர் சுற்று. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா, ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்க வேண்டாம் என்று சொல். நீயும் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே, தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது பார்த்துச் சாப்பிடு. மணிக்கட்டு வலிக்கிறது என்றாயே, அதைத் தள்ளிப்போடாதே, என்னைப்போல மறைக்கவும் மறைக்காதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் சிரிக்கவைத்துக்கொண்டு நீண்ட காலம் இருக்கவேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தை 'அம்மா கை'யிலேயே அடித்து அனுப்பிவிடலாம், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அப்பா சொன்னார், நானும் கிட்டத்தட்டச் சரி என்றுவிட்டேன். அப்புறம் மனம் ஒப்பவில்லை. இதிலிருந்து எழுத்துப் பொறுக்காதே, யாருக்கும் கொடுக்காதே. அந்த நேரான எழுத்து ஊருக்கு. இந்தக் கோணல் எழுத்து உனக்கு மட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா