புள்ளியோட புள்ளியாப் போன மச்சம்

என் பாசமுள்ள மதினிக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியலை. இங்கன சாரல் பிடிச்சிட்டு. வெளிய ஆட வழியில்லாம எல்லாரும் உங்க ஷட்டில் ஹாலுக்கே வந்துருதாங்க. நானும் கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போனேன், ஆனா ஒரு படம்கூட எடுக்கலை. கண்ணுல வைக்கவே கூச்சமா இருந்துச்சு. உங்க முகத்தைத் தொலைச்சவன் அடுத்தவங்க முகத்தை எடுத்து என்ன செய்ய?

காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போன நீங்க வீட்டுக்கு உயிரோட திரும்பலை. அன்னைக்குச் சாயங்காலம் அண்ணன் என்கிட்ட வந்து, "ஏல, அவ சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ இருந்தா குடுடே"ன்னான். வீட்டுல இருந்தது கல்யாண ஆல்பமும் உங்க போலீஸ் அடையாள அட்டையும்தான். ஒண்ணுல மேக்கப்புக்குள்ள எங்கயோ இருக்கீங்க. இன்னொண்ணுல யாரையோ பிடிச்சு உள்ள வைக்கப் போற மாதிரி முறைக்கீங்க. சிரிச்ச படம் என்கிட்டதான் இருந்துச்சு. டூட்டி முடிஞ்சு நீங்க ஷட்டில் ஆட வந்தப்போ எடுத்தது.

அந்த ஹால் வெளிச்சத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? பாதி லைட்டு எரியாது. எரியுறதும் உச்சந்தலையில விழுந்து முகத்தை இருட்டாக்கிரும். நீங்க அடிக்கிற வேகத்தை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் வேகத்தைக் கூட்டினா படம் கருக்கும். கேமராவுல ஐஎஸ்ஓவை ஏத்தினா வெளிச்சம் வரும், கூடவே ரவையைத் தூவின கணக்கா படம் முழுக்கப் புள்ளியும் வரும். பிளாஷ் போடவே கூடாது. ஒருநாள் கைதவறி அடிச்சிட்டேன். "ஏ கொழுந்தனாரே, இன்னொரு தடவை கண்ணுல வெட்டுச்சுன்னா, ஷட்டிலை விட்டுட்டு ஒம்மத்தான் பேட்டால அடிப்பேன்"னு கத்தினீங்க. ஹாலே சிரிச்சுது, நீங்களும் சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள படபடன்னு எடுத்துத் தள்ளினேன்.

அதுல ஒண்ணைத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். புள்ளியைத் துடைச்சு முகத்தைத் திருத்த இப்போ ஒரு பட்டன் போதும் மதினி. அமுக்கினேன். முகம் மொழுமொழுன்னு ஆயிட்டு. உங்க தெத்துப்பல்கூட வரிசைக்கு வந்துட்டு. அப்போ நான் என்ன நினைச்சேன் தெரியுமா? 'அடடா, என்னமா வந்திருக்கு!' நீங்க ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கையில இப்படி நினைச்சேன். மேலகரம் திருப்பத்துல கட்டின கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் மூலையில என் ஸ்டூடியோ பேரையும் போட்டுக்கிட்டேன். சீ, என்ன மனுசன் நான்?

"ஒங்க வீட்டு மருமவ சினிமா நடிகை கணக்கா இருக்கால்லா, யாரு எடுத்த படம் டே?"ன்னு டீக்கடை அண்ணாச்சி கேட்டாரு. நான்தான்னு தலையாட்டினேன்.

பதினாறாம் நாளைக்கு வீட்டுல மாட்ட அதையே பிரேம் போட்டுக் கொண்டு போனேன். அண்ணன் கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். "இது யாருடே?"ன்னான். அடுத்து, "அவ மச்சம் எங்க?"

துடைச்ச புள்ளிகளோட அதுவும் போயிருக்கு. "இப்பவே வச்சிருதேன் அண்ணே"ன்னு லேப்டாப்பைத் திறந்தேன். மவுஸைக் கொண்டு போன கை அப்படியே நின்னுட்டு. வலப்பக்கமா, இடப்பக்கமா? எனக்குத் தெரியலை மதினி. உங்க கையால தின்ன எனக்குத் தெரியலை. வேற வழியில்லாம அண்ணன்கிட்டயே கேட்டேன். அவன் திட்டியிருந்தா தேவலை. "நீதானடே இத்தனை வருசமா அவளைப் போட்டோ எடுத்தே?"ன்னு மட்டும் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

அப்போ இத்தனை வருசமா நான் எதைத்தான் பார்த்தேன்? வெளிச்சம் பத்துதா, போகஸ் நிக்குதான்னு பார்த்தேன். உங்களை எப்ப பார்த்தேன்?

ஸ்டூடியோவுக்கு வந்து, துடைக்காத படத்தைப் பெருசாக்கினேன். முகமெல்லாம் புள்ளி. இதுல எது மச்சம்? அன்னைக்கு அடுத்தடுத்து எடுத்த படங்களை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சேன். அப்பதான் பிடிபட்டுச்சு. கேமரா போடுற புள்ளி ஒரு படத்துல இருந்த இடத்துல அடுத்த படத்துல இருக்காது. ஒரே ஒரு புள்ளி மட்டும், நீங்க தலையைத் திருப்பினாலும் குலுங்கிச் சிரிச்சாலும், இடது கண்ணுக்குக் கீழ அங்கனயே இருந்துச்சு. கண்டுபிடிச்சிட்டேன்னு துள்ளினேன். அடுத்த நொடி அழுதுட்டேன். சொந்த மதினி முகத்தைத் துப்புத் துலக்கித்தான் தெரிஞ்சுக்கிட வேண்டியிருக்கு எனக்கு.

புள்ளியும் இருட்டும் தெத்துப்பல்லுமா அந்தப் படத்தையே அச்சுப் போட்டுக் குடுத்தேன். அண்ணன் வாங்கின உடனே கட்டைவிரலை நேரா மச்சத்துல வச்சான். அவன் தேடவே இல்லை. எனக்கு அங்கன நிக்க முடியலை, வெளிய வந்துட்டேன்.

பிளெக்ஸ் இன்னும் தொங்குது மதினி. ஆளில்லாத நேரமாப் பார்த்துக் கமுக்கமா அவுத்துரலாம்னுதான் இருந்தேன். அப்படிச் செஞ்சா அதைவிடக் கேவலம் வேற இல்லை. நாளைக்குப் பட்டப்பகல்ல, குற்றாலம் பஸ்ஸெல்லாம் வந்து நிக்கிற நேரத்துல, ஏணியைப் போட்டு ஏறுதேன். ஏன்டே இறக்குதேன்னு யார் கேட்டாலும், "இது எங்க மதினி இல்லை, எங்க மதினி முகம் எனக்குத் தெரியாமப் போச்சு"ன்னு ஊருக்குக் கேக்குற மாதிரி சொல்லுதேன். இது உங்க மேல சத்தியம்.

தலை நிமிர முடியாம,
உங்க கொழுந்தன்