சிவப்பு மாத்திரை

2024 பிப்ரவரி 6
சோதனை அட்டையில் இரண்டு கோடு! மகள் கவிநிலாவுக்கு நாலு வயது, இப்போது இரண்டாவது. சந்தோஷத்தில் ராஜா பைக் சாவியைத் தேடுகிறார். சாவி அவர் கையில்தான் இருக்கிறது. நிர்மலா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் அங்கன்வாடி டீச்சர், இந்நேரம் முத்தியால்பேட்டை முழுக்கத் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 15
லேசாக ரத்தம் பட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பாக்கியலட்சுமி படத்தை வெகுநேரம் பார்த்தார். "முன்ன சிசேரியன் பண்ண தழும்புலயே கரு ஒட்டியிருக்கும்மா. துடிப்பும் இல்ல. இப்பிடியே விட்டா கர்ப்பப்பை கிழிஞ்சிடும், உன் உயிருக்கே ஆபத்து."
ஊசி போட்டுக் கரைக்க வேண்டுமாம். இவ்வளவு பெரிய வயித்துல ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா, கண்ணு?

பிப்ரவரி 17
ஊசி போட்டாயிற்று. ஃபோலிக் ஆசிட் மாத்திரை கூடாது, கீரை கூடாது, ஊசி மருந்தை வேலை செய்ய விடாதாம். வாராவாரம் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனின் அளவு பார்ப்பார்கள். அது இறங்கினால் கர்ப்பப்பை தப்பும். இறங்காவிட்டால் ஆபரேஷன், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம்.

பிப்ரவரி 24
இறங்குகிறது. அக்கா வீட்டோடு வந்து தங்கிவிட்டாள். ராணி மாதிரி படுத்திருக்கிறேன்.

மார்ச் 2
அளவு இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்று டாக்டர் கேட்டார். அக்கா கொடுக்கிற சிவப்பு இரும்பு மாத்திரைதான் என்றேன். என் பையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிக் காட்டினார். இரும்போடு ஃபோலிக் ஆசிட்டும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறது.
அக்கா அழுதாள். "ரத்தம் போன ஒடம்பாச்சேன்னு குடுத்தேன்டி. அங்கன்வாடியில பதினாறு வருசமா இரும்பு மாத்திரை இரும்பு மாத்திரைன்னே சொல்லிச் சொல்லி…" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்திவிட்டேன். பிறகு இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

மார்ச் 3
இரண்டாவது ஊசி.

மார்ச் 16
பாதிக்கும் கீழே!

ஏப்ரல் 20
ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. கர்ப்பப்பை தப்பியது, நானும் தப்பினேன். சந்தோஷம்தான். கொஞ்சம் அழுதேன், அதுவும்தான். அக்கா ஒரு சட்டி முருங்கைக்கீரை வதக்கினாள்.

நவம்பர் 9
டாக்டரிடம் போனோம். தழும்பு நன்றாக இருக்கிறதாம். அடுத்த குழந்தைக்கு முயலலாம். நாள் தள்ளியதும் முதல் வேலையாக ஸ்கேனுக்கு வர வேண்டும். சீட்டில் ஒரே ஒரு மாத்திரை எழுதினார். ஃபோலிக் ஆசிட்.
அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை படித்தாள்.
"இப்ப நான் குடுக்கலாமாடி?"
கையை நீட்டினேன்.