பூட்டும் சாவியும் ஒரே பையில்

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சந்தியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். வெயில் ஏறிவிட்டது, உப்பு நன்றாக விளைகிறது. அப்பாவுக்குத்தான் கால் வெடிப்பு ஆறவில்லை, நீ அனுப்பிய களிம்பைப் பூசிக்கொண்டு நேரே உப்புப் பாத்திக்குள் இறங்கிவிடுகிறார், அப்புறம் மருந்து சரியில்லை என்று உன்னைத் திட்டுகிறார். உன் கட்டிலுக்கு அடியில் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது.

தினமும் போனில் பேசுகிறோம், ஆனாலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொங்கலுக்கு வந்தபோது என் ஹார்டு டிஸ்க்கை பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்து கொடுத்தாயே, "எழுபத்திரண்டு பேரு ஆதாரு, பாஸ்புக்கு எல்லாம் இதுல இருக்குது, கதவில்லாத வீடு மாதிரி வச்சிருக்கியேம்மா" என்று கோபப்பட்டாயே. உப்பளத்துப் பெண்கள் எந்த மனு எழுதவும் என்னிடம்தான் வருகிறார்கள், நான் ஒருத்திதான் டிகிரி முடித்தவள் என்பதால். பாஸ்வேர்டு மறந்தால் திறப்பதற்கு நாற்பத்தெட்டு இலக்க எண் அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்து, இதை டிஸ்க்கோடு சேர்த்து வைக்காதே என்று மூன்று தரம் சொன்னாய். நான் சேர்த்துத்தான் வைத்தேன். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய பழக்கம், ஒரு தாள் குறைந்தாலும் நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிடுவார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால்தான் எனக்கு நிம்மதி.

போன செவ்வாய்க்கிழமை திண்டிவனத்தில் மனுக்களைக் கொடுத்துவிட்டு வரும்போது அந்தப் பையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். பெருமுக்கல்லில் பொன்னி கைக்குழந்தையோடு ஏறினாள், பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள, பையை சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சொருகினேன். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் நினைவு வந்தது. மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினால் கண்டக்டர் பையை எடுத்துக் கொடுத்து, "யாருதுன்னு பிரிச்சுப் பார்த்தோம்மா, தாள் முழுக்க நம்பரா இருக்குது, டிரைவரு லாட்டரின்னு சொல்லிட்டாரு" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க அது யார் யார் கைக்குப் போனது, யாராவது கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்களா, எனக்கு எப்படித் தெரியும். பூட்டையும் சாவியையும் நானே சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா, "பைதான் வந்துடுச்சே, எதுக்கு ஊரைக் கூட்டுற" என்றார். எனக்கும் அப்படியே விட்டுவிட ஆசைதான், நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு எப்போதும் நடுக்கம் என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த டிஸ்க்கில் நம் உப்பளத்துச் சகாயசெல்வியின் மனுவும் இருந்தது. அவள் புருஷன் அடித்ததற்கு ஆஸ்பத்திரியில் எடுத்த சீட்டு, இப்போது இருக்கும் வீடு, மகள் படிக்கும் பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருக்கிறது. எந்த இடம் என்று இங்கேயும் எழுத மாட்டேன். அவன் பெரிய முதலியார்சாவடியில் இருந்துகொண்டு இன்னும் அவளைத் தேடுகிறான்.

வியாழக்கிழமை காலையில் உப்பளத்துக்கே போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஜான்சி, "எம் ஆதார் போட்டோவப் பார்த்தவன் இந்நேரம் காய்ச்சல்ல படுத்திருப்பான், வுடுக்கா" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. தலையைத் தூக்காமல் உப்பு வாரிக்கொண்டே இருந்தவள், பலகையை நிறுத்திவிட்டு, "அவன் கையில கெடைச்சிருந்தா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் கண்ணு. அன்றைக்கே இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போய், அம்மாவைத் தவிர யார் வந்து கூப்பிட்டாலும் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

நேற்று, நீ நோட்டில் எழுதிவைத்த வரிசைப்படி பழைய பூட்டை எடுத்துவிட்டு முதலிலிருந்து என்கிரிப்ட் செய்தேன், கரண்டு போய்விடுமோ என்று மத்தியானம் முழுக்க எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். பழைய தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். புதுப் பாஸ்வேர்டு என் தலைக்குள் மட்டும்தான், அப்பாவுக்குக்கூடத் தெரியாது. புதுத் தாளை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன், எனக்கென்று ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளவில்லை. டிஸ்க் இங்கே, தாள் உன்னிடம்.

சாயங்காலம் செல்வி தன் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு வந்தாள், பெயர் மாற்ற மனு எழுத வேண்டுமாம். எனக்கு அதை வாங்கக் கை வரவில்லை. "சாவி இப்ப எங்கக்கா இருக்குது?" என்று கேட்டாள். புனேக்குப் போகப்போகிறது, சந்தியாவிடம் என்றேன். "அவ்ளோ தூரம்னா சரி, எழுது" என்று கார்டை என் மடியில் வைத்தாள்.

நீ நீண்ட ஆயுளோடு, நல்ல பெயரோடு இருக்க வேண்டும், இங்கே மாதா கோயிலிலும் நம் அம்மன் கோயிலிலும் வேண்டியிருக்கிறேன். கடிதம் கிடைத்ததும் போனில் 'வந்துடுச்சு' என்று மட்டும் சொல், போதும். தாளை மட்டும் உன் கைப்பையில் வைத்துவிடாதே, உனக்கும் என் புத்திதான்.

உன் அம்மா,
க. சரஸ்வதி