கொஞ்சம் முன்னால் இருந்த இடம்

மார்ச் 4, செவ்வாய்

வகுப்பில் காட்டலாம் என்று பதினெட்டு வருடத்துக்கு முந்தைய என் புரோகிராமைத் தேடி எடுத்தேன். இன்னும் ஓடுகிறது. அப்போது மூன்று நாள் எடுத்த வேலை, இன்று காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு புள்ளி. அடுத்து அது எங்கே போகும் என்பதை இப்போது இருக்கும் இடம் தீர்மானிப்பதில்லை. கொஞ்சம் முன்னால் இருந்த இடம் தீர்மானிக்கிறது. அதனால் தறிகெட்டு அலையும். லட்சம் புள்ளிகளை ஒரே இடத்தில் விட்டால் எவ்வளவு வேகமாகச் சிதறும் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. எங்கள் என்றால் நானும் ஒட்டடைக்குச்சியும். ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அந்தப் பெயரை வைத்தவளே நான்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். ஒரே மின்விசிறி, அதுவும் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சுழலும். நாங்கள் வியர்த்தால் யாருக்கு என்ன? கீபோர்டுக்குள் அவன் தின்ற வேர்க்கடலைத் தோல். திட்டுவேன். கவிழ்த்துத் தட்டிவிட்டு மறுபடி தின்பான். அதற்குப் பிறகு அப்படி வயிறு வலிக்கச் சிரித்ததாக நினைவில்லை.

மார்ச் 6, வியாழன்

மனசு சரியில்லை. நாளை எழுதுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

எனக்குப் பேர் வாங்கித் தந்த கட்டுரை தப்பு.

அந்தக் 'கொஞ்சம் முன்னால்' இருக்கிறதே, அந்தத் தாமதத்தை லேசாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால் சிதறும் வேகம் மாறுமா? மாறாது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். ஆனால் புரோகிராமில் தாமதத்தை முழு எண்ணாக்கும் ஒரு வரி இருக்கிறது. பத்து புள்ளி இரண்டும் பத்து, ஒன்பது புள்ளி எட்டும் பத்து. எதையுமே மாற்றாமல் உட்கார்ந்துகொண்டு, மாற்றம் இல்லை என்று — ஐயோ. அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். சிதறல் நூறு மடங்கு.

அன்றைக்கே அவன் சொன்னான்: "ரவுண்டு பண்ணாதே. பின்னத்தோடயே போடு."

அப்படிப் போட்டால் மூன்று நாள் மூன்று வாரமாகும். கட்டுரை அனுப்பக் கெடு நெருங்கிவிட்டது. முடியாது என்றேன். அப்படியானால் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னான். உனக்குப் பொறாமை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அந்த வருடமே ஆராய்ச்சியை விட்டுவிட்டு, வேறு ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராகப் போய்விட்டான். அதோடு பேச்சு நின்றது. நான் எப்படி அப்படிச் சொன்னேன்? என்ன திமிர் எனக்கு?

மார்ச் 9, ஞாயிறு

இத்தனை வருடம் கழித்து யாருக்குத் தெரியப்போகிறது என்றார் வீட்டுக்காரர். அவனுக்குத் தெரியுமே.

பள்ளி முகவரிக்குக் கடிதம் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு, கட்டுரையிலும் உன்னைப் பற்றியும்.

மார்ச் 15, சனி

பதில் இல்லை. எந்த முகத்தோடு எதிர்பார்ப்பது?

மார்ச் 22, சனி

போன் வந்தது. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமினான். அதிலேயே யாரென்று தெரிந்து எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒட்டடைக்குச்சிக்கு இப்போது தொப்பையாம்.

அந்த வருடமே பின்னத்தோடு ஓட்டிப் பார்த்தானாம். நூறு மடங்கு வந்ததாம்.

"அப்ப ஏன் வெளிய சொல்லல?"

"அந்த மாசம்தான் உன் வேலைய நிரந்தரம் பண்ணப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

இவனைத்தான் பொறாமைக்காரன் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

திருத்தக் கட்டுரை வெளிவந்துவிட்டது. அவன் பெயர் முதலில். துறையில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும்.

அச்சுக்குப் போகுமுன் வரைபடத்தை அவனுக்கு அனுப்பியிருந்தேன். சரியான கோடு மட்டும்தான் அதில் இருந்தது. ஒரே ஒரு குறை சொன்னான்.

"அந்தப் பழைய கோட்டையும் போடு. தப்பா இருந்தா என்ன? நாம ரெண்டு பேரும் சேர்ந்து போட்டது அது ஒண்ணுதான்."

போட்டிருக்கிறேன்.