மூன்று நிமிடம் ஐம்பது நொடி

மார்ச் 12, வெள்ளிக்கிழமை, மாலை 5.40. நீ என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள்.

அன்புள்ள நீதிபதிக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று அம்மா சொல்லித்தான் தெரிகிறது, நேரடித் தகவல் இல்லை. எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்குப் போயிடாதீங்க, முதல்ல சாப்பிட்டியா தூங்கினியான்னு கேளுங்க என்று அம்மா தலைக்கு மேல் நின்று சொல்கிறாள், அதனால் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, ஈரத்தலையோடு வெளியே போகிறாயா. கடைசிக் கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும். போனில் சொல்ல வேண்டியதை ஏன் தாளில் எழுதுகிறேன் என்றால், நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் நான் நடுவில் குரலை உயர்த்திவிடுவேன். தாளில் கத்த முடியாது, எழுதியதை அடிக்கத்தான் முடியும். இதோடு ஒரு வரைபடத் தாள் மடித்து வைத்திருக்கிறேன், அதை இப்போதே பிரிக்காதே, சொல்லும்போது பிரி.

வீட்டுச் செய்தி சுருக்கமாக. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி டெலிபோன் அறையில் இந்த மாதம் காலை ஷிஃப்ட், குதிகால் வலிக்கிறது, செருப்பை மாற்று என்றால் காலை மாத்திட்டு வரேன் என்கிறாள். சமையலறைக் குழாயை மூன்றாவது தடவையாகச் சரி செய்தேன், இன்னும் சொட்டுகிறது. பதினோரு மாடி லிஃப்டை ரிப்பேர் பண்றவர் வீட்டுக் குழாய் இது என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். உன் சைக்கிளுக்கு வாராவாரம் காற்று அடிக்கிறேன். ஓட்ட ஆளில்லாத சைக்கிளுக்கு எதுக்குக் காத்து என்று கேட்டாள், டயர் அமுங்கியே நின்றால் வெடிப்பு விட்டுவிடும் என்றேன். அது உண்மைதான், முழு உண்மை இல்லை. உன் அறை இரும்பு அலமாரியைத் தினமும் ஒரு தடவை திறந்து மூடுகிறேன். கதவின் உள்பக்கம் பத்துச் சீட்டு ஒட்டியிருந்த இடத்தில் இப்போது ஒன்பதுதான். நான்காம் இடம் காலி, பழைய பசைத் தடம் மட்டும் செவ்வகமாகத் தெரிகிறது.

ஒன்பது வயதில் நீ காலை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் கட்டோடு படுத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். மூடப்போகிற டிஸ்க் கடையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி தூக்கி வந்தேன், அத்தனையும் ஹாலிவுட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், கடைக்காரருக்கே வேண்டாதவை. முதல் படம் போட்டு இருபது நிமிடத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது, என்ன இது, இரண்டு பேர் ஒரு அறையில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றேன். நீ, அப்பா அவங்க பேசறத விடு, அந்தப் பொண்ணு கையுறையைக் கழட்டி மாட்டிக் கழட்டிட்டே இருக்கா பாரு, பொய் சொல்றா என்றாய். ஒன்பது வயதில். நான் இயந்திரம் படித்தவன், நகர்கிற பாகத்தைப் பார்க்கிறதுதான் என் தொழில், அந்தக் கையை நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அந்த ஆறு வாரத்தில் முப்பத்தோரு படம். கட்டுப் பிரித்த அன்றைக்குப் பிடித்த பத்தை எழுதிக் கதவில் ஒட்டினாய், வருஷத்துக்கு ஒரு முறை மாற்றலாம் என்று சட்டம் போட்டாய், மரக்கரண்டியால் அலமாரியைத் தட்டித் தீர்ப்பு சொன்னாய், அன்றிலிருந்துதான் நீதிபதி.

சட்டம் எனக்கு இன்னும் வரிசையாகத் தெரியும். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஆளுக்கு ஒரு வாக்கு. புதுப் படம் உள்ளே வர ஒன்று வெளியே போக வேண்டும், போகிற படத்துக்கு மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது, முக்கியமாக, பிடிக்காத காட்சியைத் தாண்டி ஓட்டிவிட்டுப் பார்க்கக் கூடாது. எல்லாப் படத்துக்கும் நாம் வைத்த பெயர்தான், அசல் பெயர் கேட்டால் எனக்கு வராது. அம்மாவின் தொப்பிக்கடை, ஒன்பது வருஷமும் அவள் வாக்கு அதற்கேதான், கதாநாயகி ஏணியில் நின்றுகொண்டே பாடுகிறாளே அதற்காக. உன் தந்திக்காரி, துக்கச் செய்தியை எல்லாம் அனுப்பும் முன் இரண்டு வார்த்தை இளக்கிவிடுகிற அந்த ஒல்லிப் பெண். அவள் மாதிரி நான் இருந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. என் பாலம், அந்தத் தலைமைப் பொறியாளர் கடைசியில் தன் கணக்கில்தான் பிழை என்று தொழிலாளர்கள் எதிரில் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றுகிறாரே. அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி என்று சொல்வேன், நீயும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வீர்கள். பார்த்துக்கொள்வது எனக்குத் தெரியும்.

இப்போது விஷயம். பிப்ரவரி 21, ஞாயிறு, எனக்கு மாலை நான்கு மணி, உனக்குக் காலை பத்தரை. ஒரே அறை என்பதை ஒரே நேரம் என்று சட்டத்தைத் திருத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒன்று இரண்டு மூன்று எண்ணி இரண்டு ஊரிலும் ஒரே நொடியில் படத்தை ஆரம்பித்தோம். இரண்டு மைத்துனர்கள் சேர்ந்து ஒரே காரை வாங்கிக்கொண்டு அவதிப்படுகிற படம். எதிரொலி வராமல் இருக்க நீ சத்தத்தைக் குறைத்துக்கொண்டாய், உன் சிரிப்பு மட்டும் வந்தது. பதினேழாவது நிமிடத்தில் சின்ன மைத்துனன் பின்சீட்டில் தூங்குகிற மாமனாரோடு சேர்த்துக் காரை விற்றுவிடுகிறான் பார், அந்த இடத்துக்கு நீ சிரித்தாய். என் திரையில் மாமனார் இன்னும் கொட்டாவியே விடவில்லை. எனக்கு உன் சிரிப்பு முதலில் வந்தது, சிரிக்க வேண்டிய காரணம் நாற்பத்தோரு நொடி கழித்து வந்தது. நான் சொல்லவில்லை. ஸ்டாப்வாட்சை எடுத்து உன் ஒவ்வொரு சிரிப்புக்கும் எத்தனை நொடி கழித்து என் திரையில் அந்த இடம் வருகிறது என்று வாக்குச் சீட்டின் பின்னால் குறிக்க ஆரம்பித்தேன். பொண்ணுகூடப் படம் பாக்கறீங்களா ட்யூட்டி பாக்கறீங்களா என்று அம்மா கேட்டாள், அதையும் காதில் வாங்கவில்லை. ஐம்பதாவது நிமிடத்தில் நீ சரியாக இரண்டு நிமிடம் முன்னால் இருந்தாய். கடைசியில், முடிஞ்சிடுச்சுப்பா, என் வாக்கு உள்ளே, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு என்றாய். என் திரையில் மைத்துனர்கள் இன்னும் சமாதானமே ஆகவில்லை, மூன்று நிமிடம் ஐம்பது நொடி பாக்கி.

நான் என்ன சொன்னேன் என்பதை இளக்காமல் எழுதுகிறேன். அவசரம்னா முதல்லயே சொல்லியிருக்கலாம், ஓட்டிவிட்டுப் பாக்கறவங்களுக்கு இங்க வாக்கு கிடையாது என்றேன். ஒரு நொடிகூட நான் ஓட்டலப்பா என்றாய். கடிகாரம் பொய் சொல்லாது என்றேன். அப்போ நான் சொல்றேனா என்றாய். இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. பதினோரு வயதில் நாய் சாகிற காட்சியை நீ ஓட்டிவிட்டதைக் கொண்டுவந்து நடுவில் போட்டேன், ஏழு வருஷப் பழைய வழக்கு. அப்போதுதான், உங்க பட்டியல், உங்க கதவு, நீங்களே வச்சுக்குங்க என்று போனை வைத்துவிட்டாய். பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். அந்த ஒரு வரியில் மூன்று தடவை அந்நியன் ஆனேன்.

அன்றைக்கே அம்மா ஒன்று சொன்னாள். முடிவில் வரும் பாட்டு உன் பக்கத்திலிருந்து லேசாகக் கேட்டதாம், அங்க அந்தப் பாட்டு கொஞ்சம் ஏறிக் கேட்டுது, பாடறவன் குரலே கீச்சுன்னு இருந்துது என்றாள். நாள் முழுக்கக் குரலை வைத்தே ஆளைச் சொல்கிறவள் அவள். நான், போன் ஸ்பீக்கர் அப்படித்தான் இருக்கும் என்று தள்ளிவிட்டேன்.

போன செவ்வாய் ஒரு கட்டடத்துக்குப் போனேன், பக்கத்து பக்கத்தில் இரண்டு லிஃப்ட். இடது பக்க லிஃப்ட் மாடியைத் தாவித் தாவிப் போகிறது என்று புகார். ரெண்டும் ஒண்ணாத்தான் சார் கிளம்புது, இது மட்டும் முன்னாடியே போய் நிக்குது, நடுவுல எதையோ விட்டுட்டுப் போகுது என்றார் காவலாளி. லிஃப்ட் எப்படிங்க மாடியைத் தாவும், தவளையா அது என்று எரிந்து விழுந்தேன். மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்தால் இடது மோட்டார் சரியான வேக அளவான ஐம்பதில் ஓடுகிறது, வலதை யாரோ நாற்பத்தெட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திருத்தினேன். அவர் பின்னாலேயே வந்து, அப்போ இது எதையும் விடல, எல்லா மாடியையும் தாண்டித்தான் போயிருக்கு, கொஞ்சம் வேகம், அவ்வளவுதானா சார் என்றார். அவ்வளவுதான் என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு என்றால் இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. உடம்பு சரியில்லையா சார், தண்ணி வேணுமா என்று கேட்டார்.

இப்போது அந்தத் தாளைப் பிரி. சினிமா என்பது நொடிக்கு இருபத்து நான்கு நிழற்படம் ஓடுவது, அதுதான் அசல் வேகம், நம் டிஸ்க் அப்படி ஓடுகிறது. பழைய டிவிக்காகச் சில ஊர்களில் அதையே நொடிக்கு இருபத்தைந்தாக ஓட்டிப் பதிவு செய்வார்கள். நீ நூலகத்தில் எடுத்தது அந்த ரகம். அம்மாவை விட்டு உன் டிஸ்க் அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னதே நான்தான், தொண்ணூற்றிரண்டு நிமிடம் என்று போட்டிருக்கிறது, நம்முடையதில் தொண்ணூற்றாறு. வேகமாக ஓடுவதால்தான் பாட்டும் ஏறிக் கேட்டது. தாளில் புள்ளி வைத்திருப்பது அன்றைக்கு நான் குறித்த நேரங்கள், நீ சிரித்த ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நொடி முன்னால் இருந்தாய் என்று. நடுவில் ஓட்டியிருந்தால் அது படிக்கட்டு மாதிரி எகிறும். ஸ்கேல் வைத்துப் பார், ஒரே நேர்க்கோடு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும். ஒரு நொடிகூட நீ ஓட்டவில்லை. நீ அதைத்தான் சொன்னாய், நான் கடிகாரத்தை நம்பினேன். கடிகாரமும் சரியாகத்தான் சொன்னது, அதை வாசித்தவன்தான் தப்பு. இதைக் கண்டுபிடிக்கத் தொழில் தெரிந்தவனுக்குப் பதினாறு நாள் ஆகியிருக்கக் கூடாது, பிள்ளையைத் தெரிந்தவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கக் கூடாது. இதை எழுத இன்னும் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் இந்த வரைபடம் எல்லாம் வெறும் கெட்டிக்காரத்தனம். எனக்குக் கோபம் படத்துக்காக இல்லை. என்னோடு உட்காரும் நேரத்தில் மூன்று நிமிடம் ஐம்பது நொடியை மிச்சம் பிடித்துக்கொண்டு வேறெங்கோ போக உனக்கு அவசரம் என்று நினைத்தேன். நீ போனதிலிருந்து வாராவாரம் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது, அதையும் குறித்துத்தான் வைத்திருக்கிறேன், திட்டாதே. விமான நிலைய வாசலில் அந்தக் காவலர், தங்கச்சியை அனுப்ப வந்தீங்களா தம்பி, நீங்க கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்க என்றார் இல்லையா, நீ திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாய். இருபது வயதில் அப்பாவானவன் நான், உன்னைத் தவிர வேறு வேலை கற்றுக்கொள்ள நேரம் இருந்ததில்லை. மே மாத விடுமுறைக்கு வருவது பற்றிப் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பிப்ரவரி 20 வரைக்கும் அது கண்டிப்பா வரேன் என்று இருந்தது. நான் ஒரு நாளில் கெடுத்த வேலை அது.

உன் வாக்கு செல்லும். அம்மாவும் உள்ளே என்கிறாள், நானும் உள்ளே. ஆனால் சீட்டை நான் ஒட்டவில்லை, கரண்டி தட்டாமல் ஒட்டினால் அது திருட்டுத்தனம். இதற்கு இடம் விட்டு நான்காம் இடத்திலிருந்து வெளியே போன குடைக்காரர் படத்துக்கு மட்டும் நானும் அம்மாவும் எழுந்து நின்று கைதட்டினோம், இரண்டு பேர் கைதட்டல் அந்த அறையில் ரொம்பச் சின்னதாகக் கேட்கிறது.

எந்தக் குறையும் இல்லாமல் இரு, படிப்பு நன்றாக வரட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், யாரும் உன்னை நிரூபி என்று கேட்காமல் இருக்கட்டும். கடைவாய்ப் பல்லை இந்த மாதத்துக்குள் காட்டிவிடு, அம்மாவுக்கு உன் குரலிலேயே தெரிகிறதாம், ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறாய். நூலக டிஸ்கைத் தேதிக்குள் திருப்பிக் கொடு, அல்லது கொடுக்காதே, கீழே இரண்டாவது வரியைப் பார்.

பிழை என்னுடையது என்று தொப்பியைக் கழற்றும்,
அப்பா

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை ஒன்பது மணிக்குத் தபால் நிலையம் திறந்ததும் இதைப் பதிவுத் தபாலில் சேர்ப்பது.

2. ஏப்ரல் 4, ஞாயிறு, நான்கு மணிக்கு அதே படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, வேகத்தை 4.17 சதவீதம் கூட்டி வைப்பது. நீ மெதுவாக வர வேண்டாம், நான் வேகமாக ஓடுகிறேன்.

3. ஸ்டாப்வாட்சை வேலைப் பெட்டியில் பூட்டுவது. இனி அது வீட்டுக்குள் வராது.

4. அன்றைக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பது. நானாகக் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிட்டால் எண்ணிக்கையை நீயே எண்ணு.

5. கூப்பிடாவிட்டாலும், ஞாயிறுதோறும் சைக்கிளுக்குக் காற்று அடிப்பது.